மலையில் புகை

திங்கள் எட்டு மணி. அளவையியல்.
மிஸ் ஆங்கிலத்தில் எழுதியதை
நான் தமிழில் இறக்கிக்கொண்டேன்:
மலையில் தீ உண்டு,
புகை உண்டாதலால்.
எங்கெங்கு புகையோ அங்கங்கு தீ,
அடுக்களையில் போல.

பதினொரு பேர் நாங்கள்.
முன்வாங்கில் வெள்ளைத்துணி விரித்து
விமலஜோதி ஹாமதுரு.
அவருக்குப் பின்னால் ஸிஹானா,
கொலன்னாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள்.
கையை உயர்த்திவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்:

எங்கட ஊட்டுக்குப் பின்னால ஒரு மல ஈக்கி மிஸ்.
கொழும்புக் குப்பையெல்லாம் அங்கதான்.
மூணு வருஷமாப் பொகையுது.
நெருப்ப ஒருத்தரும் காணல்ல.

சிரித்தோம்.
ஹாமதுருவுக்கு யாரோ சிங்களத்தில் சொன்னார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

காணாததாலதான் பிள்ளை அது அனுமானம்,
என்றா மிஸ்.
அப்ப காணுற அண்டைக்கு?
மின்விசிறி ஒருமுறை இழுத்து நின்றது.
அடுத்த பாடத்துக்கு ஆட்கள் வாசலில்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை
நோட்ஸ் வாங்க அவள் வீட்டுக்குப் போனேன்.
தேத்தண்ணி தந்த கையோடு
பின்சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள்.
வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
அந்தச் சுவரோடு தம்பி நித்திரை,
வாய் திறந்தபடி.

ஜூலைச் சோதனையில் ஐந்தாம் கேள்வி:
அனுமானத்தை உதாரணத்துடன் விளக்குக.

அடுக்களை என்றுதான் எழுதினேன்.
முழுப் புள்ளி.

ஸிஹானா என்ன எழுதினாள் என்று
நான் கேட்கவில்லை.
நூற்று முப்பத்தெட்டு வந்தது,
ஏறிவிட்டேன்.