விற்பதற்கில்லை

போன பங்குனி வரை இந்த வண்டி
தருவைகுளத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றியது.
ரெமிஜியுஸ் அதை ஏலத்தில் எடுத்து,
ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் இரட்டைக் கட்டிலும்
கதவோரம் ஒற்றை அடுப்பும் பொருத்தி,
உள்ளே எலுமிச்சை மஞ்சளில் இரண்டு கோட் அடித்தான்.
"இனிமே இது வண்டி இல்ல, வீடு" என்றான்.
நான் முகர்ந்து பார்த்தேன்.
வீட்டுக்கு அடியில் யாரோ
சாளை காயப்போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்,
குஞ்சப்பனைச் சாவடியில் இ-பாஸ் காட்டினோம்.
காவலர் டார்ச்சை உள்ளே விட்டார்.
பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நான்கையும் எடுத்துக்கொண்டு
மூக்கைச் சுருக்கி,
"லோடு எங்க இறக்குறீங்க?" என்றார்.
"நாங்கதான் லோடு" என்றான் இவன்.
அவர் சிரிக்கவில்லை.
கம்பு மேலே போனது.

கோத்தகிரியில் பார்க்க வேண்டியவற்றை
மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
கோடநாடு முனை. கேத்தரின் அருவி.
மார்க்கெட்டில் மலைப்பூண்டு.
சனி காலை கதவைத் தள்ளினால்
சீட்டில் இல்லாதவை வந்து நின்றன:
மூன்று பூனை, கழுத்தில் கயிறு அறுந்த ஒரு நாய்,
தூக்குவாளியோடு குல்லா போட்ட ஒரு மனிதர்.

"என்ன மீன்?"
"மீன் இல்லங்க."
"வாசம் வருதே."
"பழைய வாசம்."
அவர் போகவில்லை.
பூனைகளும்.

ராம்சந்த் நிறுத்தத்தில் ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்.
பச்சைப் பட்டாணி வாங்கிய கடையில்
எடை போட்டபடியே ஒரு பெண் கேட்டாள்:
"வஞ்சிரம் கிலோ எவ்வளவுக்கு விடுறீங்க?"
ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தோம்.
ஊர் எங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோடநாடு முனையில் வெறும் வெள்ளை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன்
மகனுக்கு வெறுமையில் விரல் நீட்டிக் காட்டினான்:
அது மாயாறு, அந்தப் பக்கம் தெங்குமரஹடா,
அதோ வளைஞ்சு போகுது பாரு.
பையன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.
நாங்களும் அவன் விரல் போன பக்கமெல்லாம் பார்த்துவிட்டு
பத்து ரூபாய்க்கு அவித்த சோளம் தின்றோம்.

இரவு அரிசி வேக மறுத்தது.
போர்வை ஒன்றுதான் கொண்டுவந்திருந்தோம்.
"நீதான பேக் பண்ணின?"
"நீதான அங்க குளிராதுன்ன?"
தகரக் கூரையில் சவுக்கு முள் விழுவதுகூடக் கேட்டது.

ஞாயிறு, பூசை முடிந்து திரும்பினால்
வண்டிப் படியில் ஒரு பெண்.
தேயிலைத் தோட்டத்து ரப்பர் பூட்ஸ், ஐம்பதைத் தாண்டிய வயது.
பெயர் சந்திரமலர் என்றாள்.
மீன் கேட்கவில்லை.
"எந்த ஊரு?"
"தூத்துக்குடி."
"கடல் கிட்டயா?"
"வீட்ல இருந்து ஏழு நிமிஷம்."

"அஞ்சு வயசுல எங்களைக் கப்பல்ல கொண்டாந்தாங்க.
தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினம்.
கடல் பாத்தியான்னு எல்லாரும் கேப்பாங்க.
நான் பாத்தது அம்மா முந்தானை.
அதுக்குள்ளதான் வாந்தி எடுத்தேன், வழி பூரா."

உள்ளே வரலாமா என்றாள்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறி
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
கண்ணை மூடி ஒருமுறை நீளமாக இழுத்தாள்.
நான் அவள் முகத்தில் எதையோ எதிர்பார்த்தேன்.

"அய்யோ, அதே வாசம்!
இப்பவும் குமட்டுது" என்று
வாயைப் பொத்திக்கொண்டு குதித்து இறங்கினாள்.
சிரிப்பு தாங்காமல் பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டு
தேயிலைக்குள் போனாள்.
நெடுநேரம் தலைத்துணி மட்டும் தெரிந்தது.

இறக்கத்தில், மூன்றாவது வளைவோ நான்காவதோ,
சிங்குக்குக் கீழே ஏதோ உருண்டது.
குனிந்து எடுத்தேன்:
என் மாமியார் கட்டித் தந்த நெத்திலிக் கருவாடு,
அரைக் கிலோ, முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

"எத்தன பேர்ட்ட இல்லன்னு சொன்னோம்?"
ரெமிஜியுஸ் ஹாரனை அழுத்தினான்.
எதிரே பேருந்து ஏறிக்கொண்டிருந்தது.
ஓரம் கட்டி வழி விட்டோம்.
ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர்
எங்களைக் கடக்கும்போது மூக்கை உயர்த்தி
மெல்லத் திரும்பிப் பார்த்தார்.