நாலரை மணி

நாவலில் அவள் பெயர் தில்லைநாயகி.
நூற்றெட்டாம் பக்கம் வரை முகமே கிடையாது.
விடிகாலை நாலரைக்கு
பூட்டிய அடுக்களைக்குள்
குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்,
அவ்வளவுதான் அவள்.
பத்து ரூபாய் மாத நாவல்,
அட்டையில் சம்பந்தமில்லாத ஒரு மண்டை ஓடு.
படித்துவிட்டு மூன்று இரவு
விளக்கை அணைக்காமல் தூங்கியிருக்கிறேன்.

அந்தேரி மேற்கு, நாலாவது மாடி.
பர்மார் சேட் கதை கேட்டார்.
என் காயலான்கடை இந்தியில்
கதவு, பூட்டு, இருட்டு எல்லாம் சொல்லி
குடம் நிறையும் இடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.
சேட் சிரித்தார்.
"நாலரைக்குத் தண்ணீர் பிடிக்கிறவள் பேயா?
அப்படியென்றால் காட்கோபரில் எங்கள் சால் முழுக்கப் பேய்தான்.
என் அம்மா தலைமைப் பேய்."

உதவி இயக்குநர்கள் சிரித்தார்கள்.
கட்டிங் சாய் கொண்டுவந்த பையனும்.
எனக்கும் வந்துவிட்டது சிரிப்பு,
அதுதான் அவமானம்.

அப்புறம் மளமளவென்று நடந்தது.
தில்லைநாயகி டீனா ஆனாள்.
ஒரு காதலன், ஒரு நாய், லோனாவலாவில் பங்களா.
இடைவேளைக்கு முன் அவள் கழுத்து
முழு வட்டம் சுற்றும்.
பேய்க்குப் பயப்படும் மந்திரவாதிக்கு
எட்டு காமெடி சீன்.
ஐந்து நான் எழுதியவை. நன்றாகவே வந்தன.
குடத்தை மட்டும் விட மாட்டேன் என்று நின்றேன்.
சரி என்று
பாட்டில் ஆடுகிறவர்கள் இடுப்புக்கு
முப்பது பித்தளைக் குடம் வாடகைக்கு எடுத்தார்கள்.

எழுதிய கலியபெருமாள் சார்
விருத்தாசலத்திலிருந்து போன் செய்தார்.
"நாயகி பேசறாளா?"
"பேசறா சார். மூணு பாஷையில."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"செக் எப்ப வரும்?"

மலாடில் முன்னோட்டக் காட்சி.
அலறினார்கள், பாப்கார்ன் கொட்டியது,
அலறிய வாயாலேயே சிரித்தார்கள்.
சேட் என் முதுகில் தட்டியது
இன்னும் வலிக்கிறது.

அறைக்கு வரும்போது நாலேகால்.
ஜோகேஸ்வரியில் குழாய்கள் இருமத் தொடங்கின.
வாளியை வைத்துவிட்டு
வாசற்படியில் உட்கார்ந்தேன்.
மாடி முழுக்கத் தண்ணீர்,
யாரோ யாரையோ மராத்தியில் திட்டுகிறார்கள்.
பயப்பட ஒன்றுமில்லை. சேட் சொன்னது சரி.

பதினோராம் எண் அறையிலும் விழுகிறது.
சாவந்த் பாய் பூட்டிக்கொண்டு
பன்வேலில் மகள் வீட்டுக்குப் போய்
இரண்டு மாதம்.
குழாயைத் திறந்தே விட்டுப் போயிருப்பாள்.

சத்தம் மெல்ல மெல்ல மேலேறியது,
கழுத்து வரை வரும்போது குடம் பாடுமே, அப்படி.

நிறைந்ததும்
நின்றது.

எழுந்து போய்ப் பார்க்கவில்லை.
என் வாளி இன்னும் பாதிதான்.