கெண்டைக்கால்

முதல் தடவை
கீழக்குயில்குடிக் குளத்துக்கரையில்
ஒச்சு சுருட்டிக் கொடுத்தான்.
ரெண்டே இழுப்பில்
சமணர்மலை மூச்சு விட்டது.
தாமரை இலையில் உருண்ட ஒற்றைத் துளியைப் பார்த்து
அரைமணி நேரம் சிரித்தேன்.
அப்புறம் எத்தனை பொட்டலம்
அந்தத் துளியைத் தேடி.

நாலு வருஷத்தில்
மலை மலையாகிவிட்டது.
புகை புகையாகிவிட்டது.
இருமல் மட்டும் மிச்சம்.
சிம்மக்கல் பிளக்ஸ் கடையில்
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி
எல்லா முகத்துக்கும் ஒரே வெளிச்சம் ஏற்றி,
மூணு மணிக்கு ஷிப்ட் முடித்து,
படித்துறையில் உட்கார்ந்து இழுத்தால்
வைகையில் ஓடாத தண்ணீர்
அப்போதும் ஓடாது.

"ஒடம்பு பழகிருச்சு மாப்ள,
மெக்னீசியம் போடு, சத்து மாத்திரைதான்.
துருப்பிடிச்ச பூட்டுக்கு எண்ணெய் விட்ட மாதிரி
பழையபடி தெறந்துக்கிரும்."
யார் சொன்னது என்று கேட்கவில்லை.
ஒச்சு வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதுகிறவன்.
புகைமூட்டம் போட்டு
ஒரே ராத்திரியில் காயைப் பழமாக்கும் இடத்தில்
இருக்கிறவன் சொன்னால்
சரியாகத்தான் இருக்கும்.

கோரிப்பாளையம் மெடிக்கலில்
ரெஜினா அக்கா சீட்டு கேட்கவில்லை.
"காலுக்கா?"
தலையை ஆட்டினேன்.
பொய் அங்கேதான் கைமாறியது,
கண்ணாடி மேசைமேல், சில்லறையோடு.

சாக்பீஸை ஒடித்த மாதிரி மாத்திரை.
ஒரு வாரம். ரெண்டு வாரம்.
வயிறு இளகியது.
மலை அசையவில்லை.

அட்டையை எண்ணினால்
மூணு குறைகிறது.
போதையில் விழுங்கிவிட்டேனோ என்றால்
போதையே இல்லையே.

அப்பா.
முப்பத்தொரு வருஷம்
திருமங்கலம் – மாட்டுத்தாவணி வண்டியில்
நின்றபடியே ஊர் சுற்றியவர்.
விரலிடுக்கில் நோட்டை மடித்துச் சொருகி,
இடுப்பைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு
யாருக்கும் பாக்கி வைக்காமல் இறங்கியவர்.
ரிட்டயர் ஆனபின்தான்
கால்கள் பாக்கி கேட்டன.
நடுச்சாமத்தில் குரக்களி ஏறும்.
கத்தமாட்டார்.
சுவரில் கையூன்றி
அடுத்த ஸ்டாப்பு வரட்டும் என்பதுபோல் நிற்பார்.

"நல்ல மாத்திரைடா," என்றார்.
"நாலு நாளா கெண்டை பிடிக்கல.
ஒனக்கும் இதே கோளாறா?
நின்னுக்கிட்டேதான வேல பாக்குற.
எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல."

ஆமாம் என்றேன்.
எதற்கு ஆமாம் என்று
அவரும் பிரித்துக் கேட்கவில்லை.

அன்று விடியக்காலை
மொட்டைமாடியிலிருந்து இறங்கி
ஏலக்காயை வாயில் அடக்கிப் படுத்தேன்.
செல்லூரில் பால்வண்டி போகிற சத்தம்.
வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து
கால்மாட்டில் உட்கார்ந்தார்.
டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்த கட்டைவிரல்
வலியே இல்லாத என் கெண்டைக்காலில்
வலியைத் தேடிப் போனது,
கணுக்காலிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாக.

"இங்கயா?"
"இன்னும் கொஞ்சம் மேல."

சட்டையில் வாடை இருந்திருக்கும்.
கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து
ஊர் முழுக்க முகர்ந்த மூக்கு அவருக்கு.
ஒன்றும் சொல்லவில்லை.
விரல் மட்டும் ஓரிடத்தில்
விசிலுக்குக் காத்த வண்டி மாதிரி
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு நகர்ந்தது.

எனக்கு அழுகை வந்ததா என்றால் இல்லை.
கால் கூசியது.
சின்னப்பிள்ளை மாதிரி உதறிக்கொண்டேன்.
"ஆட்டாதடா," என்று
கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று இன்னும் ரெண்டு அட்டை வாங்கினேன்.
ரெஜினா அக்கா நிமிர்ந்து பார்த்து,
"கால் எப்படியிருக்கு?"
"பரவாயில்லக்கா," என்றேன்,
யார் கால் என்று சொல்லாமல்.

பாலத்தில் நடந்து வருகையில்
சட்டைப்பைக்குள்
அட்டையும் பொட்டலமும்
ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே வந்தன.