உரசி அழித்த முத்திரை

பானெட்டின் உள்பக்கம் ஓர் ஒட்டுத்தாள்.
பெல்ட் மாற்றிய கிலோமீட்டர்:
இரண்டு, பிறகு ஒரு கறை, பிறகு நான்கு சுழி.
நடுவில் நின்ற எண்ணை எண்ணெய் தின்றுவிட்டது.

இப்போது மீட்டரில் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
கறைக்குள் ஒன்பது இருந்தால் என் பெல்ட் பச்சைப்பிள்ளை.
ஒன்று இருந்தால்
இத்தனை நாளும் நான் ஓட்டியது கடனில்.

வண்டியை விற்ற டிராகுட்டினை டோபோய்க்கு போன் போட்டுக் கேட்டேன்.
"மாற்றினேன் ரஸேமா, அம்மா மேல் ஆணை."
எப்போது என்றேன்.
"அன்றைக்கு மழை" என்றார்.

ஸெனிட்ஸாவிலிருந்து டிராவ்னிக், விட்டெஸ், காக்கான்,
சனிக்கிழமை தவறாமல் பின்சீட்டில் கல்யாண கேக்.
டீசலும் வனிலாவும் சேர்ந்து மணக்கும் கோல்ஃப்.
என்னைவிட இருபத்தைந்து வயது சின்னது,
குளிரில் முனகுவதில் மட்டும் எனக்கு மூத்தது.

மெக்கானிக் ஸ்லவ்கோவிடம் ஒரே சட்டம்:
நீ கொண்டுவருவதை மாட்டுவேன், ஒருமுறைதான் திறப்பேன்.
தண்ணீர் பம்ப் பெல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.
அதில் மிச்சம் பிடித்தால்
கூலியை இன்னொரு தரம் அழ வேண்டும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஷெவ்கோவின் உதிரிபாகக் கடை.
பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்?
தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.
இரு கைவிரல்களையும் ஒன்றினூடே ஒன்று
மேலும் கீழும் ஓடவிட்டான்.
பிறகு இடது கையை மட்டும் நிறுத்தினான்.
விரல்முட்டி மோதியதில் முகம் சுளித்தவள் நான்தான்.

மேஜையில் மூன்று பெட்டி.

முதலாவது, தொண்ணூற்றைந்து மார்க்.
பெல்ட்டில் அச்சடித்த எழுத்து
கட்டைவிரலோடு வந்துவிட்டது. மூடினேன்.

இரண்டாவது கார் கம்பெனியே அனுப்பியது, முந்நூற்றுப் பத்து.
வட்ட முத்திரை, பளபள தாள்,
பம்பின் இறக்கைகள் மட்டும் பிளாஸ்டிக்.

மூன்றாவது நூற்று எழுபது.
இறக்கை எஃகு.
இழுவை உருளையைத் திருப்பிப் பார்த்தேன்,
அதே வார்ப்பு, அதே தையல் கோடு.
முத்திரை இருக்க வேண்டிய இடத்தில்
சாணைக்கல் உரசிய ஒரு வெள்ளை வடு, காசளவு.

"ஒரே தொழிற்சாலை" என்றான் ஷெவ்கோ, குரலைத் தாழ்த்தி,
ஏதோ குடும்ப ரகசியம் போல.
"கம்பெனிக்குப் போகாததில் பெயரை எடுத்துவிடுவார்கள்."

நகத்தால் அந்த வடுவைத் தடவினேன்.
நான் பிறந்த தெருவுக்கு இப்போது மூன்றாவது பெயர்.
தபால்காரர் ஒருநாளும் தடுமாறியதில்லை.
நூற்று எழுபதை எண்ணி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்லவ்கோ திறந்தார்.
பழைய பெல்ட்டைப் பின்புறமாக மடித்து
விளக்கடியில் பல் பல்லாகப் பார்த்தார்.
ஒரு வெடிப்பு இல்லை.
கறைக்குள் ஒன்பதுதான் இருந்திருக்க வேண்டும்.
டிராகுட்டினின் அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"பம்பைப் பார்" என்றார்.
கழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாய்க் காய்ந்த கசிவு,
தண்டு ஆடியது பால் பல் மாதிரி.
பிளாஸ்டிக் இறக்கையில் மூன்று காணவில்லை,
எங்கே போயின என்று இன்னும் தெரியாது.

நான் பயந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை.
பயப்படாதது சத்தம் போடாமல் செத்துக்கொண்டிருந்தது.

புது ஒட்டுத்தாளில் நானே எழுதினேன்,
கேக்கின் மேல் மாப்பிள்ளை பெண் பெயரை எழுதும் அதே கையால்,
ஆறு இலக்கமும் கொழுகொழுவென்று.
மேலே செல்லோடேப் ஒட்டினேன், எண்ணெய்க்கு எட்டாதபடி.

சனிக்கிழமை டிராவ்னிக் ஏற்றம்.
வெப்ப முள் தொண்ணூறைத் தொட்டது, அசையவில்லை.
பாதி மலையில்தான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்:
மூன்றடுக்கில் மேலடுக்கு
கதவுப் பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.

அதற்கும் ஒரு பெல்ட் போட்டிருக்கலாம்.