அனைவரின் கவனத்திற்கும்

மே மாதம், திங்கட்கிழமை, காலை எட்டு மணி.
நெப்ராஸ்கா மணற்குன்றுகளுக்கு நடுவே
எங்கள் பள்ளியின் கூடைப்பந்துக் கூடம்.
ஒரு மேசை. ஒரு நாற்காலி. ஒரு சுவர்க்கடிகாரம்.
பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிக் கணக்கை எழுத வந்தவள்
டெலியா ஹ்ருஷ்கா.
மேற்பார்வைக்கு நான்:
பகலில் அலுவலக எழுத்தர்,
காலையும் மாலையும் பேருந்து ஓட்டுநர்.

உறையின் முத்திரையைக் கிழித்தேன்.
கையேட்டில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல்
உரக்கப் படிக்க வேண்டும், அது விதி.
"அனைவரின் கவனத்திற்கும்.
நீங்கள் எல்லோரும் உங்கள் இருக்கைகளில்
அமர்ந்துவிட்டீர்களா?"

ஆறரை மணிக்குத்தான் இதே வாய் அவளிடம்
"ஏய், சேத்தைத் தட்டிட்டு ஏறு" என்றது.
இப்போது நீங்கள், உங்கள், தயவுசெய்து.
கூடம் பெரிது.
என் குரல் எதிர்ச்சுவர் வரை போய்
இன்னொரு மேற்பார்வையாளரைப் போலத் திரும்பி வந்தது.

"ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஐந்தடி."
அளவு நாடாவை நேற்றே எடுத்து வைத்திருந்தேன்.
யாரிலிருந்து அளப்பது?
பார்வையாளர் படிகள் காலி.
குளிர்காலத்தில் அங்கே ஊரே உட்காரும், இருநூற்றுப் பதினொரு பேர்.
இவள் ஒரு பந்தைத் தவறவிட்டால்
இருநூற்றுப் பத்துப் பேர் ஐயோ என்பார்கள்.

"பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்காதீர்கள்."
அவள் பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்,
ஒரு மரியாதைக்கு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கையேட்டில் சிரிப்பு இல்லை.

நுண்கணிதம் சொல்லித் தந்தவரை
இங்கே யாரும் நேரில் கண்டதில்லை.
லிங்கனில் ஏதோ ஓர் அறையிலிருந்து
செவ்வாயும் வியாழனும் திரையில் வருவார்.
காற்று பலமாக அடித்தால் வாய் அசையும், குரல் வராது.
அந்த நாட்களில் டெலியா உதடுகளைப் படிப்பாள்:
எல்லை. நெருங்குகிறது. இன்னும் நெருங்குகிறது.
தொட வேண்டியதில்லை.

அவள் அப்பா மார்ச்சில் அலுவலகத்துக்கு வந்தார்.
தொப்பியைக் கழற்றாமல்
தேர்வுக் கட்டணத்தை நோட்டு நோட்டாக எண்ணி வைத்தார்.
"இது தேறினா காலேஜ்ல எவ்வளவு மிச்சம்?"
தொகையைச் சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே லாரியில் மாடுகள்.
"கன்னுக்குட்டிக் கணக்குல சொல்லு."
எனக்குத் தெரியவில்லை.

இடைவேளை பத்து நிமிடம்.
"வினாக்களைக் குறித்து ஒருவரோடு ஒருவர் பேச வேண்டாம்."
ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றபடியே
ரொட்டியைத் தின்று முடித்தாள்.
பிறகு இல்லாத பந்தை ஒருமுறை எறிந்தாள்.
உள்ளே போனதா என்று கேட்கவில்லை.
பேச வேண்டாம்.

பதினொன்றரைக்கு ஆலங்கட்டி மழை.
தகரக் கூரை அலறியது.
"ஐந்து நிமிடம் மீதம் உள்ளது" என்பதை
வயலுக்கு அப்பால் நிற்பவரிடம் சொல்வதுபோல்
கத்த வேண்டியிருந்தது.
அவள் நிமிரவில்லை.
வெளியே யாருடைய சோளம் போகிறது என்று நான் யோசித்தேன்.
அவளும் யோசித்திருப்பாள்.
பென்சில் நிற்கவில்லை.

மதிப்பெண் ஜூலையில் வந்துவிட்டது என்றார்கள்.
கடவுச்சொல் அவளிடம்.

ஆகஸ்டில், பள்ளியின் கணிப்பானைத் திருப்பித் தர வந்தாள்.
பழைய சாக்ஸில் சுற்றியிருந்தாள்.
என்ன ஆச்சு என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
வந்தது வேறு:
"இங்கே கையெழுத்துப் போடுங்கள்."
அந்த ‘ங்கள்’ இருவர் காதிலும் விழுந்தது.
பெயரை முழுசாக எழுதிவிட்டுப் போனாள்.

பூட்டுவதற்கு முன் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.
கடைசியாகப் போட்ட கணக்கு திரையில் அப்படியே:
நான்கு கிரெடிட், பெருக்கல் கட்டணம்,
வகுத்தல் ஒரு கன்றின் விலை.
ஒன்றே முக்கால்.
அதற்குக் கீழே, அதே கணக்கை
நான்குக்குப் பதில் பூஜ்யம் வைத்தும்
போட்டுப் பார்த்திருக்கிறாள்.

இரண்டில் எது நடந்தது என்று
கணிப்பான் சொல்லாது.
அழிக்காமல் அலமாரியில் வைத்தேன்.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.