எதிர்க்கனம்

மில்வாக்கியில் இந்தப் பாலத்தைத் தூக்குவது
மோட்டார் இல்லை. மோட்டார் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.
தூக்குவது, குழியிருட்டில்
ஒருவர் கண்ணிலும் படாமல் தொங்கும் கான்கிரீட்.
ஆற்றுப் பக்கம் நீண்ட கை,
கரைப் பக்கம் குட்டைக் கை;
குட்டைக்கு மூன்று பங்கு கனம்.
ஏறியதையும் இறங்கியதையும் எழுதி வைக்காவிட்டால்
ஒருநாள் பாலம் தன்னிஷ்டத்துக்கு எழுந்து நிற்கும்.

ஆகவே ஒரு நோட்டு. ஆறு பேர் கையெழுத்து,
கடைசியாக வில்மா ஸ்டாஷக்கினுடையது.

1927. மரப்பலகைத் தளம். மழையில் ஊறினால் ஒன்பது எடைக்கட்டி கூடுதல்.
1953. டிராம் தண்டவாளம் பிடுங்கியாயிற்று. அறுபது கட்டி இறக்கம்.
1968. பச்சைப் பெயின்ட், மூன்று பூச்சு.
பெயின்டுக்கும் எடை உண்டு: நாலு கட்டி ஏற்றம்.
1995, ஜூலை. வெயிலில் இரும்பு வீங்கி
முனையோடு முனை முட்டிக்கொண்டது.
தீயணைப்பு வண்டி வந்து குளிப்பாட்டிவிட்டது.

போன அக்டோபர்:
தெற்குக் கைப்பிடியில் வெள்ளைச் சைக்கிள்,
சங்கிலியும் பூட்டும் சேர்த்துப் பதினோரு கிலோ.
அகற்றிவிடு என்றது அலுவலகம்.
கணக்கில் ஏற்றியாயிற்று, இனி எடுத்தால் சமன் கெடும்
என்று பதில் எழுதினாள் வில்மா.
முழுப்பொய்.
பதினோரு கிலோ பாலத்துக்கு உறைக்கவே உறைக்காது.

உப்புக்கப்பல் ஊதுகிறது. மணி. தடுப்புக்கட்டை.
பாலம் நிமிர நிமிர
சைக்கிளும் பின்சக்கரத்தில் எழும்புகிறது,
முன்சக்கரம் காற்றில் தானாக ஒரு சுற்று, பிறகு அரைச் சுற்று.
நின்றுபோன பேருந்துக்கு முன்னால்
பா ஹுவா தாவ், கழுத்து வலிக்க அண்ணாந்தபடி.
தம்பி ஓட்டிய வண்டி.

இறங்கியதும் போய்க் கட்டுகிறாள்.
நோட்டில் வில்மா:
துணிப்பூ, ஒரு கொத்து. எடை பார்க்கவில்லை.