உள்பக்கத் தாழ்ப்பாள்

மூஞ்சிக்கல் கடையில் ஆறு வருஷமாகப்
பரிசுப் பொருள் சுற்றித் தருகிறேன்.
யாருக்கு என்று கேட்பதே இல்லை.
வெந்நீர்ப் பை என்றால் அம்மாவுக்கு.
கைத்தடி, சுகர் மெஷின் என்றால் அப்பாவுக்கு.
வெல்வெட் பெட்டியில் பேனா என்றால்
பட்டம் வாங்கிய பிள்ளைக்கு.
டேப்பைக் கத்தரிக்கும் சாக்கில்
விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவேன்.
என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

இடப்பக்க அலமாரி பெற்றோருக்கு,
வலப்பக்க அலமாரி பட்டதாரிக்கு.
பெஞ்சமின் அண்ணன் பிரித்து வைத்தது.
இந்த ஜூன் மாதம்
இரண்டுக்கும் நடுவில் நின்றேன்,
பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி.

என் அம்மா பி.ஏ. பாஸ்.

வயது நாற்பத்தெட்டு.
வில்பட்டிப் பள்ளியில் சத்துணவுச் சமையல்.
ஆங்கிலத் தாளுக்கு மட்டும் மூன்று முறை
வத்தலக்குண்டுக்கு இறங்கினாள்,
கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் பை.
மூன்றாம் முறை
டம்டம் பாறை வளைவு தாண்டியும் வாந்தி வரவில்லை.
"அப்பவே தெரிஞ்சுபோச்சு, பாஸுன்னு" என்றாள்.

வெந்நீர்ப் பையைக் கையில் எடுத்தேன்.
உனக்கு வயசாகிவிட்டது என்றது அது.
பேனாப் பெட்டியைத் திறந்தேன்.
'வாழ்க்கைப் பயணம் தொடங்கட்டும்'
என்று தங்க எழுத்தில் சிரித்தது.
மூடி வைத்தேன்.

திருப்பூரிலிருந்து தம்பி தனிஸ்லாஸ்:
"புடவை எடுத்துருக்கா, பாதிக் காசு நான் தர்றேன்."
அப்பா:
"குக்கர் போயிருச்சுன்னு சொன்னாளே,
அதையே வாங்கிரலாமே."

ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்.
கேரட் சாக்குகளுக்கு நடுவே அந்தச் சின்ன அறை,
நாற்பது வாட் பல்பு,
தொப்பியும் கம்பளியுமாக அவள்.
அம்மா, தீப்பெட்டி எங்கே.
அம்மா, என் ஸ்வெட்டர் காய்ஞ்சுதா.
ஒட்டன்சத்திரத்தில் சரக்கை இறக்கிவிட்டு
ரெண்டு மணிக்கு வரும் அப்பாவுக்கு வெந்நீர்.
தம்பிக்குச் சார்ஜர்.
அந்தக் கதவை நாங்கள் யாரும் தட்டியதில்லை,
காலால் தள்ளுவோம்.
படித்த வரியில் விரலை ஊன்றியபடி
தலையை மட்டும் தூக்குவாள்.
ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.
அதுதான் எங்களுக்கு வசதி.

காஜா மைதீன் இரும்புக்கடை.
"வெளியிலயா, உள்ளயா?"
உள்ளே.
"பாத்ரூமுக்கா?"
இல்லை, படிக்க.
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்,
பித்தளையில் எடுத்துத் தந்தார்.
நாலு அங்குலம். நூற்று எண்பது ரூபாய்.
திருகாணி எட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

நானே சுற்றினேன்.
ஆறு வருஷத்தில் முதல்முறையாக
ஓரம் கோணலாக வந்தது.

பிரித்துப் பார்த்தவள்,
"என்னடி இது, யாரைப் பூட்டப் போற?"
"எங்களை" என்றேன். "வெளியே வச்சு."
பருப்பை நிறுப்பது போல
அதை உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தாள்.
சிரிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம்.
மூடுபனியில் ஊறிக் கதவு பெருத்திருந்தது.
தண்டுக்கும் துளைக்கும் ஓர் அரிசி விலகல்.
அப்பாதான் அரம் வாங்கிவந்து ராவினார்,
முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் ஒழுங்காக.

மாலை ஏழு மணி.
உள்ளே போனாள்.
டக்.

அப்பா என்னைப் பார்த்தார்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

ரசம் நுரை கட்டும்போது
பெருங்காய டப்பாவைக் காணோம்.
கதவு வரை போய்விட்டேன்,
கை தானாக உயர்ந்துவிட்டது.
உள்ளே தாள் புரளும் சத்தம்கூட இல்லை.
தூங்குகிறாளோ,
சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளோ.
அதைக் கேட்காமல் இருப்பதும்
அந்த நூற்று எண்பதில் சேர்த்திதான் போல.

அன்றைக்குப் பெருங்காயம் இல்லாத ரசம்.
அப்பா ரெண்டு டம்ளர் குடித்தார்.